குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் உரிமைகள்: நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை



நமது அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கல்வி உதவி, மருத்துவ உதவி, விதவையர் உதவித்தொகை என்று மனுப் போட வருகிறவர்களே அதிகம். அவர்களில் சிலரிடம் மருத்துவச் சீட்டைப் பார்த்து விசாரிக்கும்போதுதான் வேறு செய்தி வெளியே வருகிறது. கை முறிந்தது படியில் விழுந்ததால் அல்ல, கொடுக்கல் வாங்கல் தகராறில் நான்கு பேர் சேர்ந்து அடித்ததால். முகத்தில் தையல் போட்டது கணவர் அடித்ததால். "புகார் கொடுத்தீர்களா?" என்று கேட்டால், "எதுக்கு பாய் வம்பு, மருந்துச் செலவுக்கு மட்டும் ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்பதே பெரும்பாலும் பதில்.

மருந்துச் செலவுக்கு எங்களால் இயன்றதைக் கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டியது அதைவிடப் பல மடங்கு பெரிது. அது கேட்பாரற்றுக் கிடக்கிறது. அடித்தவர் தரப்பில் அன்று மாலைக்குள் வழக்கறிஞர், தெரிந்த அரசியல்வாதி, பேசி முடிக்க இரண்டு பெரியவர்கள் என்று எல்லோரும் தயாராகிவிடுகிறார்கள். அடிபட்டவர் தரப்பில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய் மட்டுமே இருக்கிறார். அந்தத் தாய்க்கும் அவருடன் துணைக்குப் போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

நம் நாட்டுக் குற்றவியல் வழக்கில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். அடிபட்டவர் வெறும் சாட்சி. கூப்பிட்ட நாளில் வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டியவர். நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான் 'பாதிக்கப்பட்டவர்' என்பவருக்குச் சட்டத்தில் தனி விளக்கமும், இழப்பீட்டுத் திட்டமும், மேல்முறையீட்டு உரிமையும் கிடைத்தன. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பெயரும் பிரிவு எண்களும் மாறியிருக்கின்றன. அந்த உரிமைகள் இதிலும் உண்டு, சில கூடுதலாகவும் வந்திருக்கின்றன. இனி 'புதிய சட்டம்' என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

பாதிக்கப்பட்டவர் என்றால் உடலில் காயம் பட்டவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிறர் செய்த குற்றத்தால் இழப்போ தீங்கோ அடைந்த எவரும் அதில் அடங்குவர். அவருடைய பாதுகாவலரும், அவர் இறந்துபோயிருந்தால் சட்டபூர்வ வாரிசும் அதில் வருகிறார்கள். கொலையுண்டவரின் மனைவி, மக்கள், பெற்றோர் எல்லோரும் உரிமையோடு கேட்கலாம்.

இதெல்லாம் மார்க்கத்துக்கு அப்பாற்பட்ட கோர்ட்டு விவகாரம் என்று சிலர் ஒதுங்குகிறார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நினைத்துப் பார்க்கட்டும். யமன் நாட்டு ஸபீத் ஊரிலிருந்து மக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்த ஒரு வியாபாரியிடம் அல்ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தரவில்லை. ஏமாற்றியவர் குறைஷிப் பிரமுகர். ஏமாந்தவருக்கோ அந்த ஊரில் சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது. அவர் அபூ குபைஸ் மலைமீது ஏறி நின்று முறையிட்டார். அதன்பின் சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, மக்காவில் யாருக்கு அநீதி நடந்தாலும், அவர் உள்ளூராரோ வெளியூராரோ, உரிமை திரும்பக் கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்பதென்று உடன்படிக்கை செய்தார்கள். நபித்துவத்துக்கு முன்பே நம் நாயகம் (ஸல்) அவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும் அப்படியொரு உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்று சொன்னார்கள். அநீதி இழைத்தவர் தம் குலத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக அங்கே யாரும் மூடி மறைக்கவில்லை.

முதலில் மருத்துவமனை

அடிதடியோ வேறு தாக்குதலோ நடந்தால் முதல் வேலை சிகிச்சை. போலீஸ் வரட்டும், பிறகு பார்க்கிறோம் என்று எந்த மருத்துவரும் சொல்லக்கூடாது. உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆசிட் வீச்சு, பாலியல் வன்முறை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் ஆகியவற்றில் அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடி சிகிச்சையை இலவசமாகத் தரவேண்டும். இது புதிய சட்டத்தின் 397-ஆவது பிரிவு. மறுத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம்.

அடுத்து வருவதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது "எப்படி ஆச்சு?" என்று மருத்துவர் கேட்பார். நீங்கள் சொல்வதை விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். இதைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். நம் குடும்பங்களில் பலர் அந்த இடத்தில்தான் மானத்துக்குப் பயந்து "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். கூடப் போன மாமியார் சொல்வார். சில நேரம் அடித்தவரே கூட நின்று சொல்வார். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் வழக்குப் போடும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். ஆகவே யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள், எத்தனை பேர், எப்போது என்பதை மருத்துவரிடம் உள்ளபடியே சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத ஆள்' என்று சொன்னால் போதும். பாதிக்கப்பட்டவர் பேசமுடியாத நிலையில் இருந்தால் கூடப் போனவர் சொல்லலாம், ஆனால் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லட்டும்.

கிழிந்த, இரத்தம் பட்ட உடைகளைத் துவைத்துவிட வேண்டாம். ஈரமாக இருந்தால் உலர்த்தி, காகிதப் பையில் வையுங்கள். கைபேசியில் வந்த மிரட்டல் செய்தியை அழிக்க வேண்டாம். தெருவிலும் கடையிலும் உள்ள கேமராப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்து புதிது பதிவாகிவிடும் என்பதால், பதிவை எடுத்து வைக்கும்படி அன்றே கடைக்காரரிடம் சொல்லுங்கள். பள்ளிவாசல் கேமராவுக்கும் இது பொருந்தும், முத்தவல்லிகள் கவனிக்கவும்.

காவல் நிலையத்தில்

தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவுடன் பெரும்பாலும் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. அதை எஃப்.ஐ.ஆர். என்று எண்ணிக்கொண்டு பத்திரமாக பீரோவில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை மட்டுமே. வழக்கு தொடங்குவது முதல் தகவல் அறிக்கை எனப்படும் எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகுதான். பிடிவாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய கடுமையான குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கப் புதிய சட்டம் இடம் தருகிறது. "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்று மாதக்கணக்கில் இழுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

புகாரைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் காவலர் எழுதி, வாசித்துக் காட்டி, அதன்பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். சம்பவம் நடந்த இடம் வேறு ஸ்டேஷன் எல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. எந்த நிலையத்திலும் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றலாம் என்கிறது 173-ஆவது பிரிவு. மின்னஞ்சல் போன்ற வழியில் புகார் அனுப்பியிருந்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மாநகரமானால் ஆணையருக்கு. தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அப்போது அந்த ரசீது வேண்டியிருக்கும்.

பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயாளிகளையும் விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி நிர்பந்திக்க முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் வாக்குமூலத்தை அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, பெண் காவல் அதிகாரி, பெற்றோரோ பாதுகாவலரோ உடனிருக்கப் பதிய வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு அவருடைய சம்மதம் தேவை.

இந்த இடத்தில் இத்தா பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் கேட்கிறார்கள். கொலையுண்டவரின் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறார். அவர் எப்படிப் புகார் கொடுப்பது, எப்படிச் சாட்சி சொல்வது என்று உறவினர்கள் தயங்கி, கடைசியில் கணவரின் அண்ணனோ தம்பியோ எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டு, பின்னர் இழப்பீட்டு நேரத்தில் மனைவியின் பெயரே எங்கும் இல்லாமல் போகிறது. முதலாவது, மேலே சொன்னபடி வாக்குமூலத்தை அவர் இருக்கும் வீட்டிலேயே வாங்கலாம். இரண்டாவது, நம் பகுதிகளில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும், கணவனை இழந்தவர் அவசியத் தேவைக்குப் பகலில் வெளியே சென்று இரவுக்குள் வீடு திரும்ப அனுமதி உண்டு. சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பிரேதப் பரிசோதனை விஷயத்திலும் இப்படித்தான். ஜனாஸாவைத் தாமதப்படுத்தக்கூடாது என்ற பதைப்பு நமக்கு இருக்கிறது, அது நல்லதே. ஆனால் கொலையிலும் சந்தேக மரணத்திலும் அந்த அறிக்கை இல்லாமல் வழக்கே நிற்காது. தேவையின் பேரில் உலமாக்கள் அதை அனுமதித்திருக்கிறார்கள்.

"நம்ம பேரைப் பார்த்தாலே ஸ்டேஷன்ல ஒரு மாதிரி நடத்துவாங்க" என்ற பயத்தையும் நாங்கள் கேட்காமல் இல்லை. அது முழுக்கக் கற்பனை என்று சொல்லி யாரையும் வாயடைக்க மாட்டோம். ஆனால் அந்தப் பயத்தால் லாபம் அடைகிறவர் அடித்தவர்தான். அவர் பெரும்பாலும் நம் தெருக்காரர், நம் உறவுக்காரர், சில நேரம் நம் ஸஃப்பிலேயே நிற்கிறவர். தனியாகப் போகாமல் இரண்டு பேர் துணையோடு, எழுதிய மனுவோடு, அதன் நகலோடு போனால் நடத்தும் விதமே மாறிவிடுகிறது. இது எங்கள் அனுபவம்.

கொடுத்த கடன் திரும்ப வரவில்லை, பாகப்பிரிவினையில் குறைந்துவிட்டது என்பன போன்றவை பெரும்பாலும் சிவில் விவகாரங்கள். அதைப் போலீஸ் புகாராக ஜோடித்து எழுதித் தரும்படி எங்களிடம் கேட்க வேண்டாம். அவற்றைப் பேசித் தீர்க்க ஜமாஅத் இருக்கிறது.

வழக்கு நடக்கும்போது

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்பது புதிய சட்டத்தில் வந்த நல்ல ஏற்பாடு (பிரிவு 193). தெரிவிக்காவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள். வழக்கை அரசு வழக்கறிஞர் நடத்துவார். அவருக்கு உதவியாக உங்கள் தரப்பில் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். வழக்கறிஞர் இருந்தால் குற்றப்பத்திரிகையின் நகலும் உங்களுக்கு வரும். ஜாமீன் மனு விசாரணை உள்பட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட வேண்டும் என்று 2022-இல் லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அவர்களைக் கேட்காமல் கொடுத்த ஜாமீனை ரத்து செய்தது. அரசே வழக்கைத் திரும்பப் பெற நினைத்தாலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்க முடியாது. எதிரி விடுதலையாகிவிட்டால், அல்லது சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டால், அல்லது இழப்பீடு போதாதென்றால் மேல்முறையீடு செய்யலாம். தண்டனைக் காலம் குறைவு என்பதற்காக மட்டும் நீங்களாக மேல்முறையீடு செய்ய இந்தப் பிரிவில் வழியில்லை.

வழக்கறிஞருக்குப் பணம்? ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா அளவில் வட்டக் குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. கணவர் வெளிநாட்டில் நன்றாகச் சம்பாதிக்கிறார் என்பதால் மனைவிக்கு இது மறுக்கப்படாது. மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100 என்ற இலவச எண்ணில் அழைத்து விவரம் கேட்கலாம்.

சாட்சி சொல்லக்கூடாதென்று மிரட்டல் வந்தால் 2018-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் மனுச் செய்யலாம். வீட்டருகே ரோந்து முதல் இருப்பிட மாற்றம் வரை அதில் வழி இருக்கிறது. திருட்டுப்போன நகையைப் போலீஸ் மீட்டிருந்தால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நீதிமன்றத்தில் மனுப் போட்டு இடைக்காலமாகப் பெற்றுக்கொள்ளலாம். அதற்கு நகைக் கடை ரசீதோ, அந்த நகை அணிந்து எடுத்த கல்யாண போட்டோவோ உதவும்.

இழப்பீடு: குற்றவாளி பிடிபடாவிட்டாலும்

கைபர் பகுதியில் அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) என்ற தோழர் கொலையுண்டு கிடந்தார்கள். கொன்றது யார் என்று தெரியவில்லை. உறவினர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். கண்ணால் காணாததற்கு அவர்களால் சத்தியம் செய்ய முடியவில்லை. எதிர்த்தரப்பின் சத்தியத்தை ஏற்கவும் அவர்களுக்கு மனமில்லை. சாட்சியில்லாமல் அந்த ஊர்க்காரர்கள் மீது பழியைச் சுமத்த நபி (ஸல்) அவர்கள் உடன்படவில்லை. அதே நேரம் அந்த உயிரின் விலை வீணாகிப் போகவும் விடவில்லை. நூறு ஒட்டகங்களைத் தாங்களே அந்தக் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகையாகக் கொடுத்தனுப்பினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற செய்தி இது.

புதிய சட்டத்தின் 396-ஆவது பிரிவைப் படிக்கிற ஆலிம்களுக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வராமல் இராது. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், வழக்கு விசாரணையே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருந்தவர்களோ அரசின் இழப்பீட்டுக்கு மனுச் செய்யலாம் என்கிறது அந்தப் பிரிவு. எதிரி விடுதலையாகிவிட்டார், இனி ஒன்றும் கிடைக்காது என்று நினைப்பதும் தவறு. அப்போதும் மறுவாழ்வு தேவை என்று கண்டால் நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். குற்றவாளி கட்டும் அபராதத்திலிருந்து நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் தொகை வேறு, அரசின் நிதியிலிருந்து வரும் இந்த இழப்பீடு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "அவன்கிட்ட காசு இல்லையே, எங்கே தரப்போறான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

மனுவை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவப் பதிவுகள், மரணமானால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும், ஆதார், வங்கிப் புத்தக நகல் ஆகியவை தேவைப்படும். ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். அவசரத் தேவை இருந்தால் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் அல்லது மாஜிஸ்திரேட்டின் சான்றைக் காட்டி இலவச மருத்துவமும் இடைக்கால உதவியும் கேட்கலாம். பெண்களுக்கென்று தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018-இல் வகுத்த திட்டத்தில் உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஆசிட் வீச்சுக்குக் குறைந்தது 3 லட்சம் தர வேண்டும் என்று 2013-இலேயே லக்ஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மனுச் செய்யக் காலவரம்பு உண்டு. வழக்கு முடியட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அந்தப் பணத்தை வாங்கினால் இரத்தத்துக்கு விலை பேசியதாகாதா என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். வாங்குவதால் வழக்கு நின்றுவிடாது, எதிரியை மன்னித்ததாகவும் ஆகாது. அனாதையாகிவிட்ட பிள்ளைகளின் படிப்புக்கும் சோற்றுக்கும் ஆன பணம் அது.

பிள்ளைகள் விஷயத்தில் பஞ்சாயத்து இல்லை

18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம், ஆணோ பெண்ணோ, யாராவது தவறாக நடந்தால் அது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் வரும். இதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடந்தது வீட்டிலானாலும் டியூஷனிலானாலும் மக்தப் மதரஸாவிலானாலும், செய்தது மாமாவானாலும் ஆசிரியரானாலும், விஷயம் தெரிந்த ஒவ்வொருவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தம் கீழ் வேலை செய்பவர் விஷயத்தில் மறைத்தால் ஓராண்டு வரை. எனவே ஆளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டோம், ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டோம் என்று நிர்வாகிகள் முடித்துக்கொள்ள முடியாது. அவர் போகிற ஊரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிள்ளையை ஸ்டேஷனில் இரவில் வைத்திருக்கக்கூடாது. வாக்குமூலம் வாங்குகிறவர் சீருடையில் இருக்கக்கூடாது. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடியமட்டும் பெண் உதவி ஆய்வாளர் வாங்க வேண்டும். நீதிமன்றத்தில் எதிரியின் முகத்துக்கு நேரே பிள்ளையை நிறுத்தக்கூடாது. குழந்தைகள் நலக் குழு மூலம் வழக்கு முடியும்வரை கூடவே வர ஒரு துணை நபரைக் கேட்கலாம். வழக்கு முடியும் முன்பே சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தரச்சொல்லலாம். எதுவும் புரியாவிட்டால் முதலில் 1098-க்கு அழையுங்கள்.

சமாதானம் மார்க்கத்தில் உயர்ந்தது, மறுக்கவில்லை. சிறு காயம், வாய்த்தகராறு போன்ற சில குற்றங்களில் சமரசமாகப் போகச் சட்டமும் அனுமதிக்கிறது. பாலியல் வன்கொடுமையிலும் போக்சோவிலும் வரதட்சணைச் சாவிலும் அந்த வழி கிடையாது. அனுமதி உள்ள இடத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மன்னிப்பதைப் புகழ்ந்து சொல்லும் குர்ஆன், கொலையுண்டவர் விஷயத்தில் மன்னிக்கும் உரிமையை அவருடைய வாரிசுகளின் கையில்தான் கொடுத்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கையில் கொடுக்கவில்லை. அடிபட்டவரை மூலையில் உட்கார வைத்துவிட்டு அவர் சார்பில் நாமே மன்னித்துவிட்டு எழுந்து வருவது ஸுல்ஹு ஆகாது. கெட்டதை உரக்கப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று சொல்லும் வசனம் (4:148), அநீதிக்கு ஆளானவருக்கு மட்டும் அதிலிருந்து விலக்குத் தருகிறது. நடந்ததைச் சொல்லும் பெண்ணிடம் "புறம் பேசாதே" என்று சொல்ல நமக்கு அனுமதியில்லை.

அவருடைய கதையை மற்றவர்கள் பரப்புவது முற்றிலும் வேறு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, படத்தையோ, அடையாளம் தெரியும்படியான எதையுமோ வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 'துஆ செய்யுங்கள்' என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் குற்றம் குற்றம்தான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறின்போது, காதால் கேட்டதை வாயால் பரப்பியவர்களை அல்லாஹ் எப்படிக் கண்டித்தான் என்பதை ஸூரத்துந் நூரில் வாசித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கணவர் வீட்டைவிட்டு வெளியேற்றப்படாமல் இருக்கும் உரிமை, ஜீவனாம்சம், பாதுகாப்பு ஆணை எல்லாம் அதில் கேட்கலாம். தலாக் கேட்டாக வேண்டும் என்பதில்லை. 181-க்கு அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்கும் இடமும் ஆலோசனையும் கிடைக்க வழி செய்வார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தை ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றிவிட்டால் அடுத்த நிமிடமே 1930. மச்சானுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று இரண்டு நாள் மறைத்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

எமது அறக்கட்டளை செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறோம். புகார் மனு எழுதித் தருகிறோம். ஸ்டேஷனுக்கும் மருத்துவமனைக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் இரண்டு பேர் துணைக்கு வருகிறோம். பெண்களுக்குப் பெண்களே வருவார்கள். வாய்தாவுக்குப் போய்வரும் பஸ் செலவை ஸதகா நிதியிலிருந்து தருகிறோம். ஏழையாகவோ கடனாளியாகவோ இருப்பவருக்கு ஜகாத் நிதியிலிருந்து மருத்துவச் செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் உதவுகிறோம். உதவி பெற்றவரின் பெயரோ படமோ இந்த இதழில் வராது. எதிர்த்தரப்பு அறக்கட்டளைக்கு நன்கொடை தருகிறவராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே எழுதி வைத்திருக்கிறோம்.

அலுவலகத்தில் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் மஃக்ரிப் வரை ஆள் இருப்பார்கள். கையில் இருக்கும் காகிதங்களை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஏ.ஆர். காப்பி, சி.எஸ்.ஆர். ரசீது, எதுவானாலும் மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். எங்களிடமும் நகல் கொடுத்தால் போதும்.